விதைநெல்லும் எழுத்துருவும்: மென்பொருள் உரிமம் குறித்த ஓர் அறநோக்கு

நன்னிலம் முதலான காவிரிக் கடைமடை ஊர்களில் உழவர் விதைநெல்லைத் தம்முள் கைமாற்றிக் கொள்வது திருட்டெனக் கருதப்படுவதில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் அவர்க்கு இசைவளிக்கிறது. வணிகப் பெயரிட்டு விற்பதையே விலக்குகிறது. விதையைக் கொடுத்தவரிடம் அது குறைகிறது. மென்பொருளோ படியெடுத்துக் கொடுப்பினும் குறைவதில்லை. ஆயினும் பதிப்புரிமைச் சட்டம் 1984 திருத்தத்தால் கணினி நிரலை இலக்கியப் படைப்பினுள் அடக்கிற்று. 1994இல் சேர்ந்த 63பி பிரிவு, உரிமை மீறிய படியெனத் தெரிந்தே பயன்படுத்துவோர்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை தண்டமும் விதிக்கிறது. ஆதாய நோக்கின்றேல் சிறை விலக்கப்படலாம்.

இச்சட்டத்திற்கும் வழக்கத்திற்கும் இடைப்பட்ட பிணக்கைத் தமிழ் எழுத்துருக்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஒருங்குறி பரவுமுன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் குறியேற்றம் வகுத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட திருமண அழைப்பிதழ், அவ்வெழுத்துரு இல்லாத அச்சகத்தில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எனவே கோப்போடு எழுத்துருவையும் குறுவட்டில் இட்டு அனுப்புவது தொழில் தேவையாயிற்று. விலை கொடுத்து வாங்கியவரும் உரிமத்தை மீறியே தம் ஆவணத்தைப் பிறர்க்குக் காட்ட இயன்றது. இங்கு நம்பிக்கையை முதலில் குலைத்தவர் யார் என்ற வினா எழுகிறது. படைப்பாளியின் உழைப்புக்குக் கூலி மறுக்கப்பட்டது மெய். வாங்குவோரின் எழுத்தையே பிணையாக்கியதும் மெய்யே. இவற்றுள் பின்னதைக் கட்டுரையாளர் கடுமையானதாகக் கருதுகிறார்.

1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியேற்றங்களும், 2005இல் நடுவணரசு இலவசமாக வழங்கிய தமிழ் மென்பொருள் குறுவட்டும், 2010இல் ஏற்கப்பட்ட ஒருங்குறியும் அத்தேவையைப் படிப்படியாகக் குறைத்தன.

பகிர்தல் என்பது கட்டுப்பாடற்றது அன்று. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ மரபு விதை பெற்றவர், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். இதுவும் ஓர் உரிமமே. திருத்திய நிரலைப் பரப்புவோர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் தரவேண்டுமெனக் கோரும் குனூ பொது உரிமத்தோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது. இரண்டிலும் பெற்றவரின் கடமை விலையால் தீர்வதன்று.

பழைய கோப்புகள் மட்டும் எஞ்சுகின்றன. நிறுவனம் மறைந்த பின்னும் பதிப்புரிமை மறைவதில்லை. அவ்வெழுத்துருவில் அடைபட்ட ஊர் வரலாறுகளும் கோயில் மலர்களும் படிக்கப்பட வேண்டுமாயின் யாரேனும் ஒரு படியை வைத்திருந்திருக்க வேண்டும்.