வயலில் இறங்கிய விமானம்

பீகார் மாநிலத்தில் கயா என்ற ஊர் இருக்கிறது. அங்கே ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி நிலையம் ஒன்று உள்ளது. அது 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

2024-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி, அந்த நிலையத்தின் சிறிய பயிற்சி விமானம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். திடீரென்று விமானம் பழுதானது. போத்கயா பக்கத்தில் கஞ்சன்பூர் கிராமத்து வயலில் அது இறங்கியது. விமானம் சேதமடைந்தது. ஆனால் இரண்டு பேரும் உயிர் தப்பினார்கள். கிராமத்து மக்கள் ஓடி வந்து உதவினார்கள்.

2022-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதியும் இப்படி நடந்தது. அதே நிலையத்தின் விமானம் வேறொரு கிராமத்து வயலில் விழுந்தது. அன்றும் இரண்டு பேர் பிழைத்தார்கள். அன்றும் ஊர் மக்கள்தான் உதவினார்கள்.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழுந்துவிடுமா?

விழாது. பருந்தைப் பாருங்கள். சிறகை அடிக்காமலே வானத்தில் மிதக்கிறது. சைக்கிளைப் பாருங்கள். மிதிக்காவிட்டாலும் சரிவில் ஓடுகிறது. விமானமும் அப்படித்தான். எஞ்சின் நின்றதும் விமானி மூக்கைச் சற்றுக் கீழே சாய்ப்பார். வேகம் குறையாது. இறக்கையின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று விமானத்தைத் தாங்கும். விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கும்.

பயந்துபோய் மூக்கை மேலே தூக்கினால் ஆபத்து. வேகம் குறைந்து விமானம் விழுந்துவிடும். அதனால்தான் இதைப் பல முறை பழக்குகிறார்கள்.

இறங்க இடம் தேடச் சில நிமிடம்கூடக் கிடைக்காது. வீடு, மரம், மின்கம்பி இல்லாத சமமான நிலம் வேண்டும். ஆட்கள் இருக்கக் கூடாது. காற்று வரும் திசையைப் பார்த்து இறங்க வேண்டும். அப்போது வேகம் தணியும். இவை எல்லாம் வயலில் கிடைக்கலாம்.

நம் ஊர் வயலில் விமானம் இறங்கினால் என்ன செய்வது?

விமானம் தாழ்வாக வரும்போது அதை நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகிவிட வேண்டும். இறங்கிய பிறகும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் அருகில் போகக் கூடாது. பீடி, தீக்குச்சி பற்றவைக்கக் கூடாது. எரிபொருள் சிந்தியிருக்கும். மின்கம்பி அறுந்து கிடந்தால் தொடக் கூடாது. உடனே 112 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

உள்ளே இருப்பவர்களுக்கு அடிபட்டிருக்கலாம். தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தால் மட்டும் அவர்களை வெளியே தூக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பது நல்லது.

உடைந்த துண்டுகளை வேடிக்கைக்காக எடுத்துப் போகக் கூடாது. பழுது எப்படி வந்தது என்று அதிகாரிகள் விசாரிப்பார்கள். சிறிய திருகாணிகூட அதற்குச் சாட்சி. காரணம் தெரிந்தால்தான் அடுத்த விமானத்தில் அந்தப் பழுதைத் தடுக்கலாம். அதில் பறக்கப்போகும் பிள்ளைகளின் உயிரையும் காப்பாற்றலாம்.