பழைய ஹொண்டாவும் கிட்டங்கித் தண்ணீரும்

கல்முனையிலிருந்து சவளக்கடைக்குப் போய்வருகிறவர்களுக்குக் கிட்டங்கித் தாம்போதியைப் பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாரி பலத்தால் தண்ணீர் அதற்கு மேலால் பாயும். அந்த நாட்களிலும் வயல் வட்டைக்குப் போகவேண்டியவர் போகத்தான் வேண்டும். உரப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிற அந்த மோட்டார் சைக்கிள்களில் சில, ஓட்டுகிறவரை விட வயது கூடியவை. சி 90, ஜப்பான் தபால்காரருக்கென்று செய்த எம்.டி. 90, இரட்டைச் சிலிண்டர் சி.டி. 125, அதன் பெரிய அண்ணன் சி.டி. 200 ரோட்மாஸ்டர் என்று பெரும்பாலும் ஹொண்டாக்கள்தான். கண்காட்சிக்கு வைக்க இங்கே யாரும் பழைய பைக் வைத்திருப்பதில்லை, ஓட்டத்தான் வைத்திருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் அரசாங்கம் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பைக்குகளுக்கெல்லாம் மதிப்பு வந்துவிட்டது. 2022இல் கியூ.ஆர். முறை தொடங்கி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று கட்டுப்படுத்தியபோது, சின்ன எஞ்சினின் அருமையும் தெரியவந்தது.

இப்படி நின்றுபோன ஒரு பைக்கை வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தே எழுப்பலாம். 1958இல் வந்த சூப்பர் கப் குடும்பத்தின் எஞ்சின் அவ்வளவு எளிமையானது. காற்றில் ஆறும் ஒற்றைச் சிலிண்டர். பெற்றோல் தன் பாட்டில் மேலிருந்து கீழே இறங்குகிறது, பம்ப் இல்லை. 2017இல் இந்தக் குடும்பத்தின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. சாமான் கிடைப்பதற்கும், கிடைக்கிற சாமானில் பாதி போலியாக இருப்பதற்கும் அதுவே காரணம். கீழே சொல்லும் அளவுகள் 6 வோல்ட் சி 90க்கானவை. மற்ற மொடல்களுக்கு அதனதன் கைநூலைப் பாருங்கள்.

ஸ்பானரை எடுக்கமுன் பதிவுப் புத்தகத்தை எடுங்கள். எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம் இரண்டையும் மண் துடைத்து வாசித்து, அதில் உள்ளதோடு ஒப்பிடவேண்டும். கைமாறிக் கைமாறி வந்த பைக்கில் எஞ்சினை எப்போதோ யாரோ மாற்றியிருப்பார், பதிவில் மாற்றியிருக்க மாட்டார். உரிமை மாற்றம் செய்யாத வெறும் கையெழுத்துத் தாள்களை நம்பிக் காசு இறைப்பது புத்தியல்ல.

அடுத்து, நின்ற பைக்கைக் கிக் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கடற்காற்று அடிக்கிற ஊரில் வருடக்கணக்காக நின்ற எஞ்சினில், பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். கோபத்தில் மிதித்தால் ரிங் உடையும், அல்லது கிக்கர் பல் போகும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி டீசலோ எஞ்சின் ஒயிலோ ஊற்றி, ஓரிரு நாள் விடுங்கள். பிறகு பிளக் இல்லாமலே மூன்றாம் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். கொஞ்சம் அசைந்தால் போதும், மிச்சத்தை ஒயில் பார்த்துக்கொள்ளும். ஒரு கிழமை ஊறியும் அசையாவிட்டால் சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும், அது கராஜ் பாஸின் வேலை.

வீட்டு வேலையில் அதிக சேதம் செய்கிற கருவி ஸ்குரு டிரைவர். இந்தப் பைக்குகளின் பக்க மூடிகளில் உள்ள நட்சத்திரத் தலை ஸ்குருக்கள் ஜப்பான் தரத்தவை. நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் டிரைவர் அவற்றில் பொருந்துவதுபோலத் தெரியும், ஆனால் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் மேலே வழுகி, தலையின் நாலு மூலையையும் தின்றுவிடும். பல ஜப்பான் ஸ்குருக்களின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருக்கும், அதுதான் அடையாளம். கராஜ் ஒன்றில் பையன் ஒருவன் கேட்டான்: "மூணு ஸ்குரு தேஞ்சு போச்சி காக்கா, உளியால அடிக்கவா?" பாஸ் தலை நிமிராமலே சொன்னார்: "பொறு மனே. டீசல் ஊத்திட்டுப் போய் சோத்தத் தின்னுட்டு வா." ஊறவிட்டு, பிறகு சுத்தியலால் பின்னால் தட்டத் தட்டத் திரும்புகிற இம்பெக்ட் டிரைவரை வைத்தால் அநேகமாகக் கழன்றுவிடும். வாங்கவேண்டிய முதல் கருவி அதுதான் என்பேன்.

பெற்றோல் பக்கம் வருவோம். பழைய பெற்றோல் வார்னிஷ் மணக்கும். அதை முழுக்க வடித்து, டேங்கின் வாயால் டோர்ச் அடித்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால், குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்து, தென்னை வினாகிரியை நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, எண்ணிப் போட்ட ஒரு கைப்பிடி நட்டுகளோடு குலுக்குங்கள். எண்ணிப் போடச் சொல்வது, எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோமா என்று தெரிய. பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, தாமதிக்காமல் கொஞ்சம் ஒயில் கலந்த பெற்றோலைச் சுழற்றிவிடவேண்டும். வெறும் டேங்கின் உட்சுவர் அன்று மாலையே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும். டேங்க் ஒழுகினால் நீங்களாக வெல்டிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நிரம்பிய டேங்கை விட, ஆவி நிறைந்த வெறும் டேங்க் ஆபத்தானது.

காபரேற்றரைப் பிரித்து, ஜெட்டின் ஓட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். அடைப்பிருந்தால் பெற்றோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதவேண்டும், கட்டாயமானால் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை விடலாம். பித்தளை மென்மையானது. ஊசியை விட்டால் ஓட்டை பெருத்து, பைக் பெற்றோலைக் குடிக்கத் தொடங்கிவிடும்.

பெற்றோல் சரி, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பொறியைப் பாருங்கள். பிளக்கை வயரோடு இணைத்து எஞ்சின் உடம்பில் முட்டவைத்துக் கிக் அடித்தால் நீலப் பொறி பாயவேண்டும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் பெற்றோல் ஈரம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். சிவந்த சோம்பல் பொறி என்றால் சந்தேகம் பொயின்ட் மீது. நின்றுபோன பைக்கில் பொயின்ட்டின் இரு முகமும் கறுத்துப் படிந்திருக்கும். நுண்ணிய எமரித் தாளால் மெதுவாகத் தேய்த்து, பெற்றோலில் நனைத்த வெள்ளைத் தாளை இடையில் உருவித் துடைத்தாலே பாதிப் பைக்குகள் உயிர்த்துவிடும். பொயின்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பிளக்குக்கு 0.6 முதல் 0.7.

டெப்பட், அதாவது வால்வு இடைவெளி, சரிபார்ப்பது பெரிய வித்தை என்று பலர் பயப்படுகிறார்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இடப்பக்க மூடியைக் கழற்றினால் காந்தச் சக்கரம் தெரியும். அதில் டீ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள கோடு, எஞ்சின் உடம்பில் உள்ள குறிக்கு நேரே வரும்வரை இடப்பக்கமாகச் சுற்றவேண்டும். சிலிண்டர் தலையின் மேலும் கீழும் உள்ள வட்ட மூடிகளைத் திறந்தால் இரண்டு டெப்பட்டும் விரலுக்குச் சிறிது ஆடவேண்டும். ஒன்றேனும் இறுகியிருந்தால் சக்கரத்தை இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிக்குக் கொண்டுவாருங்கள். இடைவெளி இரண்டுக்கும் 0.05 மில்லிமீற்றர். பீலர் கேஜின் அந்த மெல்லிய தகடு, பாரமான புத்தகத்துக்கு நடுவிலிருந்து தாள் உருவுவதுபோல லேசான பிடிப்போடு வரவேண்டும். நட்டை இறுக்கும்போது இடைவெளி மாறும், அதனால் இறுக்கியபின் மறுபடி அளக்காமல் மூடியைப் போடாதீர்கள்.

பற்றரி செத்தால் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிற பழக்கம் நம்மூரில் உண்டு. சிலதில் எஞ்சின் ஓடும், பொய்யில்லை. ஆனால் இந்த 6 வோல்ட் அமைப்பில் கூடுதல் மின்சாரத்தை வாங்கி அடக்குவது பற்றரிதான். அது இல்லாமல் வேகமாக ஓடினால் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துபோகும்.

ஒயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். கொள்ளும் அளவு ஒரு லீற்றருக்கும் குறைவுதான், கிளச்சும் அதே ஒயிலில்தான் மூழ்கியிருக்கிறது. கார் ஒயில் சிலவற்றில் வழுக்கலுக்கென்று சேர்க்கும் பொருள் கிளச்சை வழுக்கவைக்கும், ஆகவே மோட்டார் சைக்கிளுக்கான ஒயிலையே கேட்டு வாங்குங்கள். போர் அடிப்பது, கிராங்க் பெயாரிங் மாற்றுவது, கேம் செயின் சத்தம் ஆகியவற்றை லேத்துக்கும் பாஸுக்கும் விட்டுவிடலாம்.

இனி மாரி. தகட்டை மடித்துச் செய்த இந்தச் சட்டங்களுக்குள் வட்டைச் சேறு போய்த் தங்கும், வடிகால் துளை அடைபடும், உள்ளிருந்தே துரு அரிக்கும். ஐப்பசிக்கு முன், பின் மட்காட்டின் உட்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி, காய்ந்ததும் பழைய ஒயில் பூசிவிடுங்கள், பிறேக் பக்கமும் டயர் பக்கமும் படாமல். பிறேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள்.

தாம்போதியில் எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டால், நடுத் தண்ணீரில் கிக் அடிக்காமல் தள்ளிக்கொண்டு கரைக்கு வாருங்கள். தண்ணீர் சுருங்காது. பிஸ்டனுக்கு மேல் அது இருக்கும்போது பலமாக மிதித்தால் உள்ளே ஏதாவது வளையும். கரையில் பிளக்கைக் கழற்றி மெதுவாக மிதித்தால் துவாரத்தால் தண்ணீர் பீச்சும். காபரேற்றர் கிண்ணத்தை வடித்து, காற்று பில்டரைப் பிழிந்து உலர்த்துங்கள். ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் முழுக்க மாற்றி, கொஞ்சத் தூரம் ஓடிச் சூடானபின் இன்னொரு தடவை மாற்றவேண்டும், முதல் தடவையில் எல்லாத் தண்ணீரும் வெளியே வராது. குளத்துத் தண்ணீரென்றால் இவ்வளவு போதும். கடல் தண்ணீர் பட்டிருந்தால் முதலில் கிணற்றுத் தண்ணீரால் எஞ்சின் இடுக்கு, ஹப், வயர் முனை எல்லாவற்றையும் தாராளமாகக் கழுவுங்கள். உப்பு காய்ந்தபிறகு அலுமினியத்தில் வெள்ளைப் பூளை பிடிக்கும், ஸ்குருக்கள் அதோடு இறுகிப்போகும். இரண்டு நாளுக்குள் சக்கரங்களைக் கழற்றி, பெயாரிங்கின் பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவிப் புதிது அடைத்துவிடுங்கள். பலர் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள், தையில் சக்கரம் கரகரக்கும்போது கராஜில் வரிசை நிற்கிறது.