வலைத்தளத்துக்கு ஒரு சான்றிதழ் மனு

ஏற்காட்டுக் காபித் தோட்ட விடுதி ஒன்று தன் வலைத்தளத்தில் அறை முன்பதிவு செய்து பணமும் பெற வேண்டுமானால், வாடிக்கையாளரின் பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே செல்லும் தகவல்களை மறையாக்கம் செய்தாக வேண்டும். அதற்கு டி.எல்.எஸ். சான்றிதழ் தேவை. அதைக் கேட்டு அனுப்பும் மனுதான் சி.எஸ்.ஆர். சான்றிதழ் இல்லாத தளங்களை 2018 ஜூலை முதல் குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்றே காட்டுகிறது.

முதல் வேலை, சர்வரில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். போன்ற மென்பொருளால் ஒரு ஜோடிச் சாவிகளை உருவாக்குவது. ஆர்.எஸ்.ஏ. முறையில் குறைந்தது 2048 பிட் நீளம் வேண்டும். பொதுச் சாவி மனுவுக்குள் போகும். ரகசியச் சாவி சர்வரிலேயே தங்கும். ரகசியச் சாவியால் மனு கையொப்பமாவதால், அந்தச் சாவி விண்ணப்பதாரரிடம் இருப்பது அதை வெளியே காட்டாமலே உறுதியாகிவிடும்.

அடுத்து விவரங்கள். நாட்டுக்கு ‘ஐ.என்.’ என்ற ஈரெழுத்துக் குறி. மாநிலத்தைச் சுருக்காமல் தமிழ்நாடு என்று முழுமையாக எழுத வேண்டும். ஊர் என்ற இடத்தில் ஏற்காடு வரும். சேர்வராயன் என்பது மலைத்தொடரின் பெயர், சேலம் என்பது மாவட்டத்தின் பெயர்; அவை அந்த இடத்தில் வரா. நிறுவனப் பெயர் பதிவு ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். ‘டபிள்யூ’ மூன்றும் சேர்த்த முகவரி, சேர்க்காத முகவரி இரண்டையும் குறிப்பிட வேண்டும். ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ் முகவரியானால், அதன் ஆங்கில எழுத்து வடிவமான ‘பியூனிகோடு’தான் மனுவில் இடம்பெறும்.

சான்றளிக்கும் அமைப்பு, முகவரி விண்ணப்பதாரரின் கட்டுப்பாட்டில் உள்ளதா என்று டி.என்.எஸ். பதிவு மூலமோ, சர்வரில் வைக்கச் சொல்லும் கோப்பு மூலமோ சோதிக்கும். சாதாரணச் சான்றிதழுக்கு இது போதும். அதில் நிறுவனப் பெயரும் ஊரும் இடம்பெறா. நிறுவனச் சான்றிதழுக்கு ஆவணங்களையும் பார்ப்பார்கள்.

இந்தக் கட்டத்தில் பிசகினால் என்ன ஆகும் என்பதை 2014 ஜூலை காட்டியது. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் முகவரிகளுக்கே அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருந்தன. விண்டோஸ் கணினிகளில் பல மென்பொருள்கள் அவற்றை நம்பக்கூடிய நிலை. சான்றளிப்பு அமைப்புகளுக்கான இந்தியக் கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார்.

சான்றிதழின் ஆயுளும் குறைந்துவருகிறது. 2026 மார்ச் 15 முதல் உச்சவரம்பு 200 நாள்; 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அடிக்கடி கையால் மனு தயாரிப்பது சிரமம் என்பதால், ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ போன்ற இலவசச் சேவைகளில் ‘செர்ட்பாட்’ மென்பொருளே சாவியையும் மனுவையும் உருவாக்கிப் புதுப்பித்துக்கொள்கிறது. எந்த முறையானாலும் ரகசியச் சாவி கசிந்துவிட்டால் பழைய சான்றிதழை ரத்து செய்து, புதுச் சாவியோடு புது மனு அனுப்ப வேண்டும்.