மதர்போர்டு பேட்டரியும் தூத்துக்குடி உப்பளமும்

கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் அதன் கடிகாரம் நிற்பதில்லை. ஏன் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்பதுண்டு. மதர்போர்டில் நாணயம் போலப் பொருத்தியிருக்கும் சிஆர் 2032 பேட்டரிதான் காரணம். அதற்குள் இருக்கும் லித்தியம் சுமார் 0.1 கிராம்தான். லேப்டாப் போர்டுகளில் உள்ள சில கெப்பாசிட்டர்களில் டாண்டலம் என்ற இன்னொரு அரிய உலோகமும் உண்டு.

இவை இரண்டும் பெக்மடைட் என்ற பாறையில் கிடைக்கின்றன. அந்தப் பாறை உருவாகும் விதத்தை எங்கள் தூத்துக்குடி உப்பளத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது முதலில் ஜிப்சம் படியும். பிறகு உப்பு விளையும். உப்பை வாரிய பின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் அடர்ந்திருக்கும். உப்புப் படிகத்தில் இடம் கிடைக்காதவை கடைசி நீரில் சேர்கின்றன, அவ்வளவுதான்.

கிரானைட்டைத் தரும் பாறைக்குழம்பிலும் இதே கதைதான். ஆனால் அது சுண்டுவதில்லை, பூமிக்கடியில் மெல்ல ஆறுகிறது. ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் போன்றவை முதலில் படிகமாகின்றன. லித்தியம் அயனி மிகச் சிறியது, சீசியம் மிகப் பெரியது, டாண்டலத்துக்கு மின்னூட்டம் அதிகம். இவை அந்தப் படிகங்களில் எளிதில் பொருந்தாமல் மிச்சக் குழம்பில் சேர்கின்றன. கூடவே நீர், போரான், ஃபுளூரின் ஆகியவையும் சேர்வதால், குறைந்த வெப்பத்திலும் குழம்பு உறையாமல் இளகி ஓடும். பாறை விரிசல்களில் புகுந்து உறைந்தால் அதுவே பெக்மடைட். இதில் சில படிகங்கள் மீட்டர் கணக்கில் வளரும்!

எல்லாப் பெக்மடைட்டிலும் அரிய உலோகம் இருக்காது. பெரும்பாலானவை வெறும் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும்தான். தாய்க் கிரானைட்டிலிருந்து தள்ளிப் போன கடைசிக் குழம்பில்தான் பொதுவாக இவை அதிகம். அதனால்தான் தேடுவது கடினம். கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டம் மர்லகல்லா பகுதிப் பெக்மடைட்டில் 1,600 டன் லித்தியம் இருக்கலாம் என்ற முதற்கட்ட மதிப்பீட்டை மத்திய அரசு 2021இல் வெளியிட்டது.

உப்பளம் வெறும் உவமை மட்டுமல்ல. சிலி நாட்டின் அட்டகாமாவில் உவர்நீரைப் பாத்திகளில் காய்ச்சி, உப்பு படிந்த பின் மிஞ்சும் நீரிலிருந்தே லித்தியம் எடுக்கிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம் அடிக்கடி தவறினால் இந்தப் பேட்டரியை மாற்றுங்கள். பழையதைக் குழந்தைகள் கையில் சிக்காமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பூமி வெகுகாலம் வடித்துச் சேர்த்த உலோகம் அது.