தப்பான சலானுக்குப் பணம் கட்டாதீர்கள்

கார் வைத்திருப்பவருக்கு 'ஹெல்மெட் அணியவில்லை, 1,000 ரூபாய்' என்று சலான் வருகிறது. பொள்ளாச்சியைத் தாண்டாத வண்டிக்குக் கோவை காந்திபுரத்தில் சிக்னல் மீறல் என்று வருகிறது. "கோர்ட், ஸ்டேஷன் என்று யார் அலைவது?" என்று பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவின்படி அந்தப் பணம் சமரசத் தொகை. கட்டினால் விவகாரம் அத்தோடு முடிந்துவிடும். பிறகு 'அது என் வண்டியே இல்லை' என்று வாதாடுவது மிகக் கடினம்.

வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலோடு வரும் சலான் மோசடி, தொடாதீர்கள். பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அங்கே சலானில் படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். பாதி வழக்கு அதில்தான் இருக்கிறது. வண்டி எண்ணில் வரும் ஆர்.டி.ஓ. குறியீடு கோவை தெற்குக்கு 37, வடக்குக்கு 38, மத்திக்கு 66. போலீஸின் கையடக்கக் கருவியில் ஓர் இலக்கம் மாறி விழுந்தால் போதும், யாரோ செய்த தப்பு உங்கள் தலையில் விழும். ஆங்கில 'பி'யைக் கேமரா 8 என்று படிப்பதும் உண்டு. வண்டியின் மாடல், நிறம், தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். கேமரா வழியாகப் போடும் சலானில் விதிமீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் இருக்க வேண்டும் என்கிறது 2021-ல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி. மங்கலான படம் உங்கள் பக்கத்துக்கு வலு.

அதே தளத்தில் புகார் பதிவு செய்யலாம். ஆர்.சி. நகல், வண்டியின் முன்பக்க, பின்பக்கப் படங்கள், அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்ததற்கு ஃபாஸ்டேக் பதிவு போன்ற சான்று ஆகியவற்றை இணையுங்கள். எழுத்து மூலமாகவும் ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சலான் போட்டது மாநகரப் போலீஸா, சூலூர், மேட்டுப்பாளையம் போன்ற ஊர்களைப் பார்க்கும் மாவட்டப் போலீஸா என்று கவனித்து அங்கே கொடுங்கள். படத்தில் உங்கள் எண்ணே வேறொரு வண்டியில் இருந்தால் அது போலி நம்பர் பிளேட். உடனே போலீஸில் தனிப் புகார் கொடுங்கள்.

சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போய்விட்டால் அபராதம் கட்டவும் வழக்கை எதிர்க்கவும் இரண்டு வாய்ப்புகள் இருக்கும். எதிர்ப்பதைத் தேர்ந்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்.

பதில் தராமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். நிலுவைச் சலான் இருந்தால் நாளை வண்டியை விற்கும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம் நின்றுபோகலாம்.