இடம் கிடைத்தது; பாடம் கிடைத்ததா?

மேனாம்பேட்டிலிருந்து பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரே! அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியுள்ளது. இடம் கிடைத்தால் மட்டும் பாடம் கிடைத்துவிடுமா?

கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டுப் படித்தால்தான் பார்வையற்ற மாணவனுக்கு அது பாடமாகும். வகுப்பை நோக்கி நின்று பேசினால்தான் உதட்டசைவைக் கவனிக்கும் மாணவிக்கு அது விளங்கும். இவற்றுக்குப் பொருட்செலவில்லை, கவனமே வேண்டும்.

சிறுவயதிலேயே பார்வையிழந்த தாஹா ஹுசைன் 1914இல் கெய்ரோவில் முனைவர் பட்டம் பெற்றார். 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார். அத்தகைய திறன் நம் இல்லங்களிலும் உறங்கிக் கிடக்கலாம்.

எனவே, சேர்க்கையின்போதே பிள்ளையின் தேவையை எழுதிக் கொடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், விடை எழுத உதவியாளர் ஆகியவற்றையும் அதே சட்டம் குறிப்பிடுகிறது. தயங்காமல் கேளுங்கள்!