பளபளப்பு இருக்கட்டும் சார், ஸ்பிரிங் பத்திரமா?

காருக்கு மேலே வாக்ஸ் போட்டு, முகம் தெரிகிற வரை தேய்க்கிற மகானுபாவர்கள் நம்மில் நிறையப் பேர். காருக்குக் கீழே குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்க்கலாம்... நினைத்தேன்!

சாயங்காலம் பெசன்ட் நகர் பக்கம் காற்று வாங்கப் போகிறோம். நாம் காற்றை வாங்குகிறோம், கார் உப்பை வாங்குகிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்புக்குத் துரு நிச்சயம். நான் பி.காம். ஆசாமி. என் பாஷையில் துரு என்றால் தேய்மானம். மாதச் சம்பளக்காரனுக்கு இந்தத் தேய்மானத்தில் வரிச் சலுகைகூடக் கிடையாது!

எதிர்வீட்டுத் தம்பி ஒரு பழைய மாருதி 800 வாங்கினார். சஸ்பென்ஷன் மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு, "எல்லாத்துக்கும் குரோம் ஏத்திடலாம்ண்ணே, சும்மா மின்னும்!" என்றார் மெக்கானிக்கிடம்.

மெக்கானிக் பீடியை அணைத்தார். "ஸ்பிரிங்கை மட்டும் அந்தத் தொட்டியில முக்காதீங்க தம்பி. இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. பாரம் ஏறி நிக்கும்போது ஒருநாள் டணார்னு போயிடும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆசிட்டில் கழுவி, மின்சாரம் பாய்ச்சி முலாம் பூசும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்ளும். சாதாரண இரும்பு தாங்கிவிடும். ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகு, அப்பளம் மாதிரி முறிகிற குணத்துக்கு வந்துவிடும். முலாம் பூசிய கையோடு சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சூடேற்றினால் ஆபத்து குறையும். தெருமுனைப் பட்டறையில் அதை யார் செய்யப் போகிறார்கள்?

அப்புறம் எதுக்கு எதுதான் பூசுவதாம்?

ஸ்பிரிங்குக்கும் லோயர் ஆர்முக்கும் பவுடர் கோட்டிங் நல்லது. 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமன், சின்னக் கல்லடியைத் தாங்கும். ஆனால் அடுப்பில் 180, 200 டிகிரி சூடு. ரப்பர் புஷ், பால் ஜாயின்ட்டை முதலில் கழற்றிவிட வேண்டும். ஷாக் அப்சார்பர் அடுப்புப் பக்கமே போகக் கூடாது. உள்ளே ஆயில், சிலதில் அழுத்தமான வாயுவும் உண்டு. தீபாவளி முன்கூட்டியே வந்துவிடும்!

போல்ட் இறுக்கிப் பிடிக்கிற முகங்களில் பவுடர் படக் கூடாது. பூச்சு நாளாவட்டத்தில் நசுங்கும், போல்ட் தளரும். சூடு தாங்கும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள்.

சின்ன பிராக்கெட், சாதாரண போல்ட்டுக்கு ஸிங்க் போதும். ஸிங்க் வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி. கீறல் விழுந்தாலும் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். குரோம் நேர் எதிர். ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், அந்த இடத்தில் அடியிலிருக்கும் இரும்பைச் சீக்கிரம் அரிக்க விட்டுவிடும்.

இது எல்லாம் பட்ஜெட்டுக்கு மேலே என்கிறீர்களா? துருவை நன்றாகச் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து, மேலே கறுப்பு பெயின்ட் இரண்டு கோட். கல் பட்டுப் பெயர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷோடு நீங்களே உட்காரலாம். பவுடரில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு இடத்தில் பிளந்தால் தண்ணீர் உள்ளே போய், மேலே அழகாக இருக்கும்போதே அடியில் துரு பரவும்.

பழைய இன்ஜின் ஆயிலைக் கீழே பீய்ச்சுகிற பழக்கம் வேண்டாம். ரப்பர் புஷ் ஊறி உப்பிவிடும்.

எந்தப் பூச்சானாலும், பூசுவதற்கு முன் வெல்டிங் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் ஆர்மை மாற்றுங்கள். பெயின்ட் விரிசலை மறைக்கும், ஒட்டாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது பிரியும்போது கலர் மேட்ச் ஆகிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை!